டிஜிட்டல் ஸ்கிராப்புக்கில் (கணினியில் அலங்கரித்துச் செய்யும் போட்டோ ஆல்பத்தில்) போட்டோவுக்கு நிழலும் ஒளிர்வும் சரியாக வர என்ன செய்வது?

நிழல் போட்டால் போட்டோ காற்றில் மிதக்கிறது, ஒளிர்வு போட்டால் தெரியவே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபோட்டோஷாப்பை வைத்துச் சொல்கிறேன்.

டிராப் ஷேடோவில், அதாவது நிழல் போடும் வசதியில், டிஸ்டன்ஸ் என்பது நிழல் எவ்வளவு தள்ளி விழுகிறது என்பது, சைஸ் என்பது அதன் விளிம்பு எவ்வளவு மங்குகிறது என்பது. டிஸ்டன்ஸ் கூடக் கூடப் பொருள் தாளைவிட்டு மேலே எழும்பிவிடும். 12 அங்குலப் பக்கம் 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 3600 பிக்சல் வரும், அதில் போட்டோவுக்கு டிஸ்டன்ஸ் 10 முதல் 15 பிக்சல் தாராளம். பூ, பொத்தான் மாதிரி தடித்தவற்றுக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். மெரினாவில் மகள் அலையில் கால் நனைக்கும் படத்தை மணல் நிறத் தாளில் வைத்தேன், கறுப்பு நிழல் அழுக்குப் படிந்தது போல இருந்தது. நிறத்தை அடர் பழுப்பாக்கி, ஒபாசிட்டியை, அதாவது நிழலின் அழுத்தத்தை, 45 சதவீதத்துக்கு இறக்கியதும் கையால் ஒட்டிய மாதிரியே ஆகிவிட்டது. எல்லா நிழலுக்கும் ஒரே ஒளித்திசை தரும் யூஸ் குளோபல் லைட்டை டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒரே பக்கத்தில் ஆளுக்கொரு திசையில் நிழல் விழும்.

சரி, ஒளிர்வு. அவுட்டர் குளோ (வெளிவிளிம்பு ஒளிர்வு) வழக்கமாக ஸ்கிரீன் என்ற கலப்பு மோடில் இருக்கும். அது அடியில் இருப்பதை வெளுக்க மட்டுமே செய்யும், வெள்ளைத் தாளை இன்னும் எப்படி வெளுப்பது? கருநீலத் தாளில் தீபாவளி மத்தாப்புப் படத்தை வைத்து மஞ்சள் குளோ கொடுத்துப் பாருங்கள், அவ்வளவு அழகு! வெளிர் தாள்தான் வேண்டும் என்றால் மோடை, அடியில் இருப்பதைக் கருமையாக்கும் மல்டிப்ளை ஆக்கி அடர் நிறம் கொடுங்கள்.

மூலை லேசாகத் தூக்கினாற்போல வேண்டுமா? லேயர் ஸ்டைலில் கிரியேட் லேயர் கொடுத்தால் நிழல் தனி லேயராக (அடுக்காக) பிரியும், அப்புறம் வார்ப்பில் (வளைக்கும் கருவியில்) நிழலின் அந்த மூலையை மட்டும் வெளியே இழுங்கள்.