ஐந்து வகுப்பு எடுத்துவிட்டு ஆராய்ச்சியா?

அமெரிக்க கம்யூனிட்டி காலேஜ் (பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) ஆசிரியர்களும் ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். சிலருக்கு அது சிரிப்பாக இருந்திருக்கிறது, சிலருக்குத் தெம்பாக. இந்த மாதக் கடிதங்கள் எல்லாம் அதைப் பற்றித்தான். அப்படி ஒரு காலேஜில் 23 வருடம் கணக்கு நடத்தியவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

என் மகன் 2 வருடம் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறப்போகிறான். அவனுடைய வேதியியல் ஆசிரியர் பெயரை இணையத்தில் தேடினேன். ஒரு ஆய்வுக் கட்டுரைகூட இல்லை. கவலைப்பட வேண்டுமா? (ஒரு தாய், நியூ ஜெர்சி)

வேண்டாம். அவரை வேலைக்கு எடுத்ததே பாடம் நடத்தத்தான். முதுகலைப் பட்டமும் அந்தப் பாடத்தில் மேற்படிப்பு நிலையில் 18 கிரெடிட்டும் இருந்தால் பொதுவாகப் போதும். டெனூர், அதாவது நிரந்தர வேலை உறுதி தரும் கம்யூனிட்டி காலேஜ்களில்கூட அநேகமாக யாரும் கட்டுரைகளை எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் அட்ஜங்க்ட், அதாவது பகுதிநேர ஆசிரியர் என்றால் கேட்கவே வேண்டாம். இந்தக் காலேஜ்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அப்படித்தான். காலையில் ஒரு காலேஜ், மாலையில் இன்னொன்று. விடைத்தாள் கட்டெல்லாம் கார் டிக்கியில் இருக்கும். மகனுக்குச் சந்தேகம் வந்தால் அவர் உட்கார்ந்து பேசுகிறாரா என்று மட்டும் விசாரியுங்கள்.

அப்படியென்றால் நீங்கள் சொன்ன ஆராய்ச்சி எங்கே நடக்கிறது? ஒரு உதாரணமாவது சொல்லுங்கள். (சந்தேகப்படும் வாசகர், டெக்சஸ்)

சந்தேகம் நல்லதுதான். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் மேரிலாந்தில் இருக்கும் பால்டிமோர் கவுண்டி கம்யூனிட்டி காலேஜ். அங்கே ஆங்கிலம் நடத்தியவர் பீட்டர் ஆடம்ஸ். எழுத்துத் திறன் போதாது என்று அடிப்படை வகுப்புக்கு அனுப்பப்பட்ட மாணவர்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்று காலேஜின் சொந்தப் பதிவேடுகளைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தார். நிறையப் பேர் ஃபெயிலாகவே இல்லை. ஒரு வகுப்பை முடித்து அடுத்ததில் சேருவதற்கு நடுவில் காணாமல் போயிருந்தார்கள்.

அப்புறம் 2007-இல் அவரும் சக ஆசிரியர்களும் ஒரு காரியம் செய்தார்கள். 20 பேர் உட்காரும் கல்லூரி ஆங்கில வகுப்பில் அடிப்படை வகுப்புக்குப் போக வேண்டிய 8 பேரை நேரடியாக உட்கார வைத்தார்கள். அந்த 8 பேருக்கும் அதே ஆசிரியர் கூடுதலாக ஒரு துணை வகுப்பு எடுத்தார். தேர்ச்சி நன்றாகவே கூடியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையம் தனியாக ஆராய்ந்துவிட்டு அதே பக்கம்தான் கை காட்டியது. இன்று எத்தனையோ மாநிலங்களில் அந்த முறை இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்குமா? தோன்றாது என்பது என் எண்ணம். காணாமல் போன மாணவனின் காலி நாற்காலியைத் தினமும் பார்ப்பவருக்குத்தான் அது தோன்றும்.

இத்தகைய வேலைக்கென்றே பத்திரிகைகளும் உண்டு. இரண்டாண்டுக் கல்லூரிகளின் ஆங்கில ஆசிரியர்களுக்கான இதழ் 1974-இலிருந்து வருகிறது. முன்னாள் அதிபர் ஜோ பைடனின் மனைவி ஜில் பைடன் 2007-இல் டெலவேர் பல்கலைக்கழகத்தில் வாங்கிய முனைவர் பட்டமும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களைப் படிப்பை விடாமல் தக்கவைப்பது பற்றியதுதான். அவர் எதைப் பார்த்து எழுதினார் என்று சொல்லத் தேவையில்லை, அப்போதே அப்படியொரு காலேஜில் ஆசிரியை.

பிஎச்.டி. முடித்துவிட்டு இந்த ஆண்டு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கிறேன். செமஸ்டருக்கு 5 வகுப்பு. ஆராய்ச்சியைத் தலைமுழுகிவிட வேண்டியதுதானா? (பெயர் வேண்டாம், ஓஹையோ)

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 5 வகுப்புக்கு வாரம் 15 மணி நேரம் வகுப்பறையில். வகுப்புக்கு 30 பேர் என்றால் 150 மாணவர்கள். ஒரு விடைத்தாளுக்குப் 10 நிமிடம் என்றாலே ஒரு தேர்வைத் திருத்த 25 மணி நேரம். ஆகவே, பிஎச்.டி.யில் செய்த ஆராய்ச்சியை அதே அளவில் தொடர முடியாது. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. நான் 4 வருடம் முயன்று, என் கட்டுரையைவிட என் தூக்கம்தான் சின்னதாகிப் போனது.

ஆனால் ஆராய்ச்சி என்பது அது ஒன்றுதானா? கல்வியாளர் எர்னெஸ்ட் போயர் 1990-லேயே புதியதைக் கண்டுபிடிப்பதோடு, இருக்கிறவற்றை இணைத்துப் பார்ப்பது, நடைமுறைக்குக் கொண்டுவருவது, கற்பித்தலையே ஆராய்வது எல்லாம் புலமைதான் என்று எழுதினார். உங்கள் எதிரில் 150 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய ஆய்வகம் வைத்திருப்பவருக்கும் அது கிடைக்காது.

இங்கே என் முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். ஆல்ஜீப்ரா தேர்வு முடிந்ததும் ‘எந்தக் கணக்கு நிச்சயம் சரி என்று நினைக்கிறாய்?’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். நம்பிக்கையும் மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க ஆசை. 2 செமஸ்டர் சீட்டுகள் ஒரு செருப்பு டப்பா நிறையச் சேர்ந்தன. கட்டுரை எழுதி அனுப்பினேன். ஐஆர்பி அனுமதி எங்கே என்று பத்திரிகையின் ஆசிரியர் குழு கேட்டது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வை முன்கூட்டியே பார்த்து அனுமதிக்கும் குழுதான் ஐஆர்பி. வழக்கமான வகுப்பறை முறைகளை ஆராய்வதற்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறதுதான். ஆனால் விலக்கு உண்டா இல்லையா என்பதை நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. முடிந்த ஆய்வுக்குப் பின்தேதியிட்டு அனுமதியும் தர மாட்டார்கள். டப்பாவைக் காலி செய்தேன்.

அதனால் சீட்டு அச்சடிப்பதற்கு முன்பே அனுமதி கேளுங்கள். உங்கள் காலேஜில் அந்தக் குழு இல்லாவிட்டால் பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். உங்களுடைய மாணவர்களிடம் நீங்களே சம்மதம் கேட்காதீர்கள். மதிப்பெண் போடுபவர் கேட்டால் யார் மறுப்பார்கள்? சக ஆசிரியர் ஒருவர் வாங்கி உறையில் போட்டு வைத்திருக்கட்டும், மதிப்பெண் பதிவான பிறகு நீங்கள் உறையைத் திறக்கலாம்.

அப்புறம், காலேஜின் புள்ளிவிவர அலுவலகத்தில் இருப்பவரைச் சிநேகம் பிடியுங்கள். யார் எந்த வகுப்பில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்பதெல்லாம் அவர் கணினியில் இருக்கும். மாணவர் தனியுரிமைச் சட்டம் இருப்பதால் பெயர்களை நீக்கித்தான் தருவார். பெயர் நமக்கு எதற்கு?

மாணவர்களும் இதில் சேர முடியுமா? (இரண்டாம் வருட மாணவி, நியூ யார்க்)

தாராளமாக. உங்கள் மாநிலத்தில் ஃபிங்கர் லேக்ஸ் கம்யூனிட்டி காலேஜில் தொடங்கிய ஒரு முயற்சி, பல காலேஜ்களில் மாணவர் ஆராய்ச்சியைப் பாடத்துக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறது. ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் 2008-இல் தொடங்கிய திட்டம் ஒன்றும் இருக்கிறது. மாணவர்கள் ஒரு பிடி மண்ணிலிருந்து பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸைப் பிரித்தெடுத்து, தாங்களே அதற்குப் பெயரும் வைக்கிறார்கள். அதில் சில கம்யூனிட்டி காலேஜ்களும் உண்டு. உங்கள் உயிரியல் ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் இல்லை என்றால் அடுத்த அறைக் கதவைத் தட்டுங்கள்.

கட்டுரை வந்தால் சம்பளம் கூடுமா? (கறாரான வாசகர், கலிஃபோர்னியா)

எனக்குக் கூடவில்லை.

பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் உங்களை மதிக்கிறார்களா? (அதே வாசகர்)

விட மாட்டீர்கள் போலிருக்கிறது. மாநாட்டில் எல்லோரும் கழுத்து அட்டையைப் பார்ப்பார்கள். என்னுடையதில் காலேஜ் பெயரைப் படித்ததும் சிலருக்குத் திடீரென்று காபி ஞாபகம் வந்துவிடும். ஒரு முறை மட்டும் ஒரு பேராசிரியை காபியை எடுத்துக்கொண்டு என்னிடமே திரும்பி வந்தார். எங்களிடம் படித்துவிட்டு அவரிடம் போகும் மாணவர்கள் கால்குலஸில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது அவருடைய கேள்வி. அடுத்த அமர்வு முடியும் வரை பேசிக்கொண்டிருந்தோம். ஊர் திரும்பியதும் மின்னஞ்சல் வந்தது, என் மாணவர்களின் மதிப்பெண் விவரம் கிடைக்குமா என்று. ஐஆர்பி அனுமதி வாங்கிவிட்டீர்களா என்று பதில் போட்டேன்.