கரிசல் மண்ணில் லான் பவுல்ஸ்

கேள்வி: 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் நம் பெண்கள் தங்கம் வென்ற லான் பவுல்ஸில் பந்து ஏன் வளைந்தே போகிறது? எங்கள் பள்ளி மைதானத்தில் களம் போடலாமா?
– திருமங்கலம் வாசகர்

பதில்: புல்தரையில் பந்தை உருட்டி, ஒரு சின்ன இலக்குப் பந்துக்கு அருகே நிறுத்தும் ஆட்டம் இது. பந்து வளைவதால் அதற்குள் ஈயம் இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். அதெல்லாம் அந்தக் காலம். இன்றைய பந்தில் உருவமே சற்றுக் கோணல், அதுதான் காரணம். வேகம் குறையக் குறைய வளைவு கூடும். பக்கவாட்டில் சின்ன வட்ட முத்திரை உள்ள பக்கம் எப்போதும் உள்நோக்கி, அதாவது பந்து வளைய வேண்டிய பக்கமாக இருக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் பந்து பக்கத்து ஆட்டக்காரர் உருட்டும் தடத்துக்குப் போய்விடும். புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு இது.

ஆட்டம் பழையது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் உள்ள களம் 1299 முதல் இருப்பதாகச் சொல்வார்கள். ஆனாலும் 1830-இல் எட்வின் பட்டிங் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் சீரான புல்தரை எளிதானது.

இனி உங்கள் மைதானம். தடத்தின் நீளம் 31 முதல் 40 மீட்டர். களத்தைச் சுற்றிலும் வாய்க்கால் போன்ற பள்ளம் வேண்டும். திருமங்கலம் பக்கம் கரிசல்தான் சிக்கல். கோடையில் வெடிக்கும், ஐப்பசி மழையில் உப்பும், மட்டம் நிற்காது. மேல் கரிசலை அள்ளிவிட்டு, ஜல்லி, அதன்மேல் மணல் என்று வடிகால் அமைத்துத்தான் புல் நட வேண்டும். அருகம்புல் இனத்துக் குட்டை ரகம் நம் வெயிலைத் தாங்கும். ஆனால் அதைச் சில மில்லிமீட்டர் உயரத்திலேயே ஓயாமல் வெட்ட வேண்டும், தண்ணீரும் நிறையக் குடிக்கும். பள்ளிக்கு என்றால் சிமென்ட் தளத்தின் மேல் செயற்கை விரிப்பே என் யோசனை.