சோலார் மலிவு என்றால் எங்கள் கரண்ட் பில் ஏன் குறையவில்லை?

சோலார் மலிவாகிவிட்டது என்கிறார்கள், அப்புறம் ஏன் நம் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பில் இறங்கவே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மலிவானது உண்மைதான்: 2010க்குப் பிறகு பத்தே ஆண்டுகளில் சூரிய மின்சாரத்தின் உற்பத்திச் செலவு உலக அளவில் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. ஆனால் நம் பில்லில் கம்பி, துணை மின்நிலையம், இருட்டிய பிறகு எரிக்கும் நிலக்கரி, எரிவாயு எல்லாம் சேர்ந்து வருகிறது, அதில் நிலக்கரி கப்பலில் வருவதால் வெளியே விலை ஏறினால் இங்கேயும் உறைக்கும்.

உண்மையான எரிச்சல் வேறு இடத்தில். கூரையில் தகடு வைக்கப் பல ஆயிரம் வெள்ளி வேண்டும், முதலில் சொந்தக் கூரை வேண்டும். தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) சொந்த வீடு வைத்திருப்பவர், 2016இல் வந்த நெம் (NEM) என்ற நிகர மின் அளவீட்டுத் திட்டத்தில், கூரையில் தயாரித்த மிச்ச மின்சாரத்தைப் பொது மின்கம்பிக்கு அனுப்பி பில்லில் கழித்துக்கொண்டார். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருப்பவருக்கோ கூரையே கம்பெனியுடையது. மாதம் 300 கிலோவாட்-மணியைத் தாண்டினால் மட்டும், கூரை இருக்கிறதோ இல்லையோ, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நிதிக்கு பில் தொகையில் 1.6 விழுக்காடு கட்ட வேண்டும் (பில்லில் அதன் மலாய்ப் பெயர்ச்சுருக்கம் கே.டபிள்யூ.டி.பி.பி., KWTBB, என்று இருக்கும், பாருங்கள்). தொகை சின்னதுதான், சரி. கட்டுவது ஒருவர், கழித்துக்கொள்வது இன்னொருவர் என்பதால்தான் ஒட்டுக்கடையில் இவ்வளவு பேச்சு, அந்தக் கோபத்தைச் சோலார்மேல் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை, திட்டம் போட்ட விதத்தின்மேல் காட்டலாம்.