டயோக்ளிஸ் சம்பாதித்தது 1,500 கோடி டாலரா?

கேள்வி: ரோமத் தேரோட்டி டயோக்ளிஸ் பற்றி என் யூடியூப் சேனலுக்கு ஒரு வீடியோ தயார் செய்கிறேன். அவர் 1,500 கோடி டாலர் சம்பாதித்ததாகப் பல இடங்களில் போட்டிருக்கிறார்கள். தலைப்பில் வைக்கலாமா?

பதில்: தலைப்பில் வேண்டாம். உள்ளே சொல்வதென்றால் அந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

காயுஸ் அப்புலேயுஸ் டயோக்ளிஸ் கி.பி. 146இல், 42 வயதில் ஓய்வு பெற்றார். அதையொட்டி ரோமில் வைத்த கல்வெட்டில் அவருடைய பரிசுப் பணம் 3,58,63,120 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) என்று இருக்கிறது. டாலர் கணக்கு 2010இல் வந்தது. அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் ஸ்ட்ரக், இந்தப் பணத்தில் ரோமப் படைவீரர்கள் அத்தனை பேருக்கும் ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு காலத்துக்குச் சம்பளம் போடலாம் என்று பார்த்தார். அதே அளவுகோலை இன்றைய அமெரிக்க ராணுவச் சம்பளத்தின் மேல் வைத்தார். 1,500 கோடி வந்துவிட்டது! கோதுமை விலையை வைத்துப் போட்டால் சில கோடி டாலரைத் தாண்டாது.

ரோமை ரோமோடு ஒப்பிடுவதுதான் நல்லது. அன்று ஒரு படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 1,200 செஸ்டர்ஸ். அப்படியானால் டயோக்ளிஸின் தொகை கிட்டத்தட்ட 30,000 வீரர்களின் ஓராண்டுச் சம்பளம். பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஆனால் முழுத் தொகையும் அவர் கைக்கே வந்தது என்று பேசிவிடாதீர்கள். குதிரை, தேர், லாயம் எல்லாம் அவர் ஓட்டிய பந்தய அணியுடையவை; அணிகளுக்கு நிறங்கள்தான் பெயர். வெள்ளை அணியில் ஆரம்பித்து, பச்சைக்குப் போய், சிவப்பில் முடித்தவர் அவர்.

'அதிக வெற்றி பெற்றவர்' என்றும் போடாதீர்கள். 4,257 ஓட்டத்தில் அவர் வென்றது 1,462. மற்றத் தேரோட்டிகளான ஸ்கார்பஸுக்கு 2,048, மஸ்கிலோசஸுக்கு 3,559 வெற்றி என்று அதே கல்வெட்டே ஒப்புக்கொள்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம் எபஃப்ரோடிட்டஸ் விவகாரம். நீல அணிக்காரரான அவர் 1,467 வெற்றி. நம்மாளைவிட ஐந்து கூட. கல்வெட்டு அசரவில்லை. அணிக்கு ஒரு தேர் மட்டும் ஓடும் பந்தயங்களில் எங்களாள் 1,064, அவர் 911 என்கிறது. கடைசி நேரத்தில் முந்திப் பறித்த வெற்றி எங்களாளுக்கு 502, அவருக்கு 467 என்கிறது. ரசிகர் மன்றத்துப் போஸ்டர் மாதிரி! வீடியோவை இங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

படம் வரையச் சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடிவாள வாரை இடுப்பில் சுற்றிக் கட்டியிருக்க வேண்டும். அதுதான் ரோம வழக்கம். தேர் கவிழ்ந்தால் குதிரைகள் ஆளையும் இழுத்துக்கொண்டே ஓடும். அதனால் வாரை அறுக்க ஒரு வளைந்த கத்தியும் உடம்பில் செருகியிருக்கட்டும்.