பிறர் கணக்கு பார்க்கும் பிழைப்பு: சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

பதினான்கு ஆண்டுகள் சென்னையிலும் மும்பையிலும் ஆலோசனை நிறுவனங்களில் இருந்துவிட்டு, நான்கு ஆண்டுகளுக்கு முன் சேலத்துக்குத் திரும்பினேன். இப்போது சில சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குக் கணக்கு பார்க்கிறேன். ஆலோசனை வேலையில் இருப்பவர்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று நம் பகுதியிலிருந்து பலர் கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். நான் இருந்த இரண்டு நிறுவனங்களின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். ஒன்றோடு இன்னும் நல்ல உறவு இருக்கிறது. அது எது என்று சொன்னால் மற்றது எது என்று தெரிந்துவிடும்.

சூரமங்கலம், பி.காம். முடித்தவர்: மேடம், புதிய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்சல்டன்சியில் 15,000 ரூபாய் கட்டினால் வேலை உறுதி என்கிறார்கள். நீங்கள் சொல்வது இந்த மாதிரி இடத்தைத்தானா?

இல்லை தம்பி. முதலில் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். நம் ஊரில் கன்சல்டன்சி என்றாலே ஆள் பிடித்துக் கொடுக்கும் அலுவலகம் என்று பொருளாகிவிட்டது. உள்ளூர் வேலைக்கு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வளைகுடா வேலை என்றால், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர்தான் ஆள் எடுக்க முடியும். அவர் வாங்கும் கட்டணத்துக்கும் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும் என்று உச்சவரம்பு உண்டு. பதிவு எண்ணை இ-மைகிரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

நான் இருந்த தொழில் வேறு. ஒரு நிறுவனம் தன் சிக்கலுக்கு வெளியாட்களை அழைத்து வழி கேட்கும். அந்த வெளியாட்கள் நாங்கள். மெக்கின்சி 1926-இல் சிகாகோவில் தொடங்கியது, பாஸ்டன் கன்சல்டிங் 1963-இல் வந்தது. டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி நான்கும் தணிக்கைத் தொழிலிலிருந்து கிளைவிட்டு இதற்குள் வந்தவை. இவர்கள் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். உங்களுடைய நாட்களை வாடிக்கையாளருக்கு விற்பார்கள். இந்தத் தொழிலின் இனிப்பும் கசப்பும் அந்த விற்பனையிலிருந்து வருபவைதான்.

கருப்பூர், பொறியியல் இறுதியாண்டு மாணவர்: அக்கா, மனதைத் தொட்டுச் சொல்லுங்கள், உங்களுக்கு எது பிடித்திருந்தது?

அடுத்தவர் தொழிலின் உள்ளே போய் நிற்கக் கிடைத்தது. சேர்ந்த இரண்டாம் ஆண்டு ஒரு நூற்பாலைக்கு அனுப்பினார்கள். இரவு ஷிப்டில் நூல் உற்பத்தி ஏன் குறைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் மூன்று பேர் பத்து நாட்கள் எக்செல் தாளில் ஆட்களின் வருகை, பஞ்சின் தரம், இயந்திரத்தின் வயது என்று அலசிக்கொண்டிருந்தோம். இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டர் ஒருவர் எங்களைப் பார்த்துச் சலித்துப்போய், "இரவு இரண்டு மணிக்கு உள்ளே வந்து நின்று பாருங்கள் அம்மா" என்றார்.

போய் நின்றேன். இமையில் பஞ்சு படிந்தது, தொண்டை வறண்டது. நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தில் அறுந்த ஒரு நூலை ஒரு பெண் ஒட்டிவிட்டு நகர்வதற்குள் பக்கத்தில் இரண்டு அறுந்தன. மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க, காற்றுக்கு ஈரமூட்டும் இயந்திரத்தை இரவில் நிறுத்திவிடுகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறும். அங்கே நூல் ஒட்டுகிற அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம், அவர்களை யாரும் கேட்டதில்லை. 24 வயதில் இதை முதலாளியின் எதிரே உட்கார்ந்து சொன்னேன். அவரும் காது கொடுத்தார். அதே ஆலையில் ஊழியராகச் சேர்ந்திருந்தால் அந்த அறைக்குள் நுழையவே பத்து ஆண்டுகள் ஆகியிருக்கும்.

பிட்டரின் பெயரை அறிக்கையில் எழுதியிருந்தேன். மேலாளர் அடித்துவிட்டார். பிடிக்காததும் அங்கேயே தொடங்கிவிட்டது.

மற்றபடி, உடன் வேலை செய்தவர்கள் கூர்மையானவர்கள். ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு போனால் இதில் எது உனக்குத் தெரிந்தது, எது நீ நினைப்பது என்று கேட்பார்கள். அந்தப் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. வீட்டில்தான் திட்டு வாங்குகிறேன்.

அழகாபுரம், இப்போது பெங்களூரில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் இருப்பவர்: ஞாயிறு மாலை ஆனாலே வயிற்றைப் பிசைகிறது. எனக்குத்தான் திறமை போதவில்லையோ?

வாரக்கடைசியில் சென்ட்ரலில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, விடியுமுன் சேலம் சந்திப்பில் இறங்கும் பெட்டிகளில் உங்களைப் போல் பலரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் திறமைக் குறைவு காரணமில்லை. விலைப்புள்ளியைப் பாருங்கள். பன்னிரண்டு வாரம் தேவைப்படும் வேலையை எட்டு வாரத்தில் முடித்துத் தருகிறோம் என்று சொல்லி, நிறுவனத்தின் பங்குதாரரான பார்ட்னர் ஒப்பந்தம் பிடிக்கிறார். தொகை முன்கூட்டியே முடிவாகிவிட்டது. நடுவில் வாடிக்கையாளர் இன்னும் இரண்டு வேலையைச் சேர்க்கிறார், இல்லை என்று சொல்ல இவருக்கு வாய் வருவதில்லை. விட்டுப்போன நான்கு வாரமும் உங்கள் இரவுகளில் வந்து உட்கார்கின்றன.

ஒருமுறை அப்பாவின் அறுபதாம் கல்யாணம் முடிந்து மறுநாள் எல்லோரும் வேனில் ஏற்காடு ஏறிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சிக்னல் போய்ப் போய் வந்தது. மேலாளர் விடாமல் அழைத்தார். இருபது வளைவு ஏறி முடிப்பதற்குள் ஏழு அழைப்புகள். ஒரு ஸ்லைடில் இருந்த கட்டத்தை நீலத்திலிருந்து சாம்பல் நிறமாக்க வேண்டுமாம். ஏரிக்கரையில் மற்றவர்கள் படகில் போக, நான் வேனுக்குள் உட்கார்ந்து நிறம் மாற்றினேன்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். நேர ஏட்டில் (டைம்ஷீட்) உண்மையான மணிக்கணக்கை எழுதுங்கள். பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு எட்டு என்று எழுதுவது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். மேலாளர் சொல்லாமலே சொல்வார். அந்தப் பொய் எட்டை வைத்துத்தான் அடுத்த ஒப்பந்தத்துக்கு விலைபோடுகிறார்கள். உங்களுக்குப் பின்னால் வருபவரும் அதே குழியில் விழுவார்.

செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்: பெரிய பெரிய அறிக்கை கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சொன்னது நடந்ததா என்று திரும்பி வந்து பார்ப்பார்களா?

அண்ணா, நேராகப் புண்ணில் விரல் வைத்துவிட்டீர்கள். வேலையை விட்டவர்களைக் கேட்டால், நேரம் போதவில்லை என்பதைவிட இதைத்தான் அதிகம் சொல்வார்கள். உங்கள் பட்டறையில் கம்பி இழுப்பவர் ஒருவர், வளையம் கோப்பவர் ஒருவர், பற்றவைப்பவர் ஒருவர், மெருகு போடுபவர் ஒருவர். கொலுசு எந்தக் காலில் ஒலிக்கிறது என்று அவர்களில் யாரும் பார்ப்பதில்லை. ஆனாலும் கொலுசு என்று ஒரு பொருள் கையில் மிஞ்சுகிறது. எங்களுக்கு அதுகூட இல்லை. அறிக்கை அலமாரிக்குப் போகும், நாங்கள் அடுத்த ஊருக்குப் போவோம். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த நூற்பாலை வழியாகப் போனபோது வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். ஈரமூட்டும் இயந்திரம் இரவிலும் ஓடிக்கொண்டிருந்தது. பதினான்கு ஆண்டுகளில் நான் கண்ணால் பார்த்த பலன் அது ஒன்றுதான்.

ஆத்தூர், எம்.பி.ஏ. மாணவி: 'பெஞ்சில் உட்காருவது', 'ஏறு அல்லது வெளியேறு' என்கிறார்களே, அப்படியென்றால்?

விற்பதற்கு வேலை இல்லாத நாட்களில் நீங்கள் பெஞ்சில் இருக்கிறீர்கள். சம்பளம் வரும். முதல் வாரம் தூக்கம், இரண்டாம் வாரம் பயிற்சி வகுப்பு, நான்காம் வாரம் பயம். வருடத்தில் உங்கள் நாட்களில் எத்தனை சதவீதம் விற்றது என்று ஓர் எண் வைத்திருப்பார்கள். மதிப்பீட்டில் அது பேசும்.

மற்றது கூம்பு வடிவக் கணக்கு. மேலே ஒரு பார்ட்னர், கீழே சில மேலாளர்கள், அதற்கும் கீழே பலர். கீழிருப்பவர்களின் நாட்களை விற்ற பணத்தில்தான் மேலே லாபம். எல்லோரும் மேலே போனால் கூம்பு கவிழ்ந்துவிடும் என்பதால், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அடுத்த படி ஏறாதவர்களிடம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். அப்படி வெளியேறுவதை அவமானமாக நினைக்காதீர்கள். வாடிக்கையாளர் நிறுவனத்திலேயே நல்ல பதவியில் போய் உட்கார்ந்தவர்கள் பலர்; பழைய நிறுவனமும் அவர்களை வாசல்வரை வந்து வழியனுப்பும், நாளைக்கு ஒப்பந்தம் தரப்போகிறவர் அவர்தானே.

அம்மாபேட்டை, விசைத்தறி வைத்திருப்பவர்: மகளுக்கு ஆண்டுக்கு 9 லட்சம் என்று கடிதம் வந்திருக்கிறது. கையில் எவ்வளவு வரும் அம்மா?

ஐயா, 9 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 75,000 என்று உறவினர்களிடம் சொல்லிவிடாதீர்கள். கடிதத்தின் பின்பக்க அட்டவணையைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம், அதாவது 48,000, நிறுவனம் கட்டும் வருங்கால வைப்புநிதி. அதையும் 9 லட்சத்துக்குள் சேர்த்திருப்பார்கள். பணிக்கொடை என்று 4.81 சதவீதம், 19,240. ஆண்டு இறுதியில் செயல்பாட்டைப் பார்த்துத் தருகிறோம் என்று ஒரு 90,000 இருக்கலாம். இவற்றைக் கழித்தால் மாதம் 61,900 அளவில் நிற்கும். மகளின் பங்கு வைப்புநிதியும் போனால் சுமார் 57,900. தொழில்வரி தனி. நிரந்தர ஊழியர் என்றால், பொதுவாக ஐந்து ஆண்டுகள் பணி செய்தால்தான் அந்தப் பணிக்கொடை கிடைக்கும். மேலே சொன்ன கூம்பில் பலர் மூன்றாம் ஆண்டே கிளம்பிவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். விலகுவதற்கு முன்னறிவிப்பு 90 நாட்களா என்றும் படித்துவிடுங்கள். அடுத்த வேலை தேடும்போது கழுத்தைப் பிடிப்பது அதுதான்.

மகளை அனுப்புங்கள். ஆனால் யாருக்குக் கீழ் வேலை என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஒரே நிறுவனத்தில் ஒரே தளத்தில், ஒரு மேலாளரின் குழு ஆறரை மணிக்குக் கிளம்புவதையும் எதிர்க்குழு இரவு பதினொன்றுக்குச் சாப்பாடு வரவழைப்பதையும் பார்த்திருக்கிறேன். நேர்முகத்தில் அவள் கேட்கவேண்டிய கேள்வி: "சென்ற புராஜெக்டில் உங்களுடன் இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" பாதிப்பேர் போய்விட்டார்கள் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

அஸ்தம்பட்டி, சி.ஏ. மாணவர்: பயிற்சிக்குச் சென்னையில் பெரிய நிறுவனமா, இங்கே நம் ஆடிட்டரா?

2023 ஜூலை முதல் பயிற்சிக் காலம் மூன்றிலிருந்து இரண்டு ஆண்டாகிவிட்டது. பெரிய இடத்தில் இரண்டு ஆண்டும் ஒரே வங்கியின் ஒரே பிரிவோடு முடிந்துவிடக்கூடும். உள்ளூரில் ஜிஎஸ்டி முதல் வங்கிக் கடன் அறிக்கை வரை கையில் படும். முதலில் இங்கே கை பழகட்டும், பிறகு அங்கே போங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். முப்பத்தெட்டு வயதில்தான் ஒரு ஆலையின் பேரேட்டை முழுதாகப் படிக்கக் கற்றேன்.

ஓமலூர், இரண்டு வயதுக் குழந்தையின் தாய்: இடைவெளிக்குப் பிறகு திரும்பச் சேரலாமா?

சேரலாம், வாய்ப்பும் தருகிறார்கள். திங்கள் காலை விமானம், வியாழன் இரவு வீடு என்ற அந்த ஓட்டத்தைத்தான் யோசிக்க வேண்டும். பயணமில்லாத பிரிவுகள் உண்டு; ஆய்வு, உள் பயிற்சி போன்றவை. பதவி உயர்வு அங்கே மெதுவாக வரும் என்பதை யாரும் எழுத்தில் தர மாட்டார்கள், நான் எழுதிவிட்டேன்.

பேர்லேண்ட்ஸ், வேலை தேடுபவர்: நேர்முகத்தில் விசித்திரமான கணக்கெல்லாம் கேட்கிறார்களாமே?

கேட்பார்கள். சேலத்தில் ஒரு மாலையில் எத்தனை தட்டுவடை செட் விற்கும்? இப்படித் தொடங்குங்கள்: 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சியில் சுமார் 8.3 லட்சம் பேர். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் இரண்டு லட்சம் வீடுகளுக்குக் கொஞ்சம் மேல். இருபது வீட்டுக்கு ஒரு வீடு இன்று வாங்குகிறது, வீட்டுக்கு மூன்று செட் என்றால் 30,000. பலர் இங்கே நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். நீங்கள் மறுபக்கத்திலிருந்தும் வாருங்கள்: ஒரு கடை ஒரு மாலையில் 150 செட் போடும் என்றால் ஊரில் 200 கடைகள் இருக்க வேண்டும். இருக்கின்றனவா? இன்று மாலை அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோடு வரை நடந்து எண்ணிவிட்டு எனக்கு எழுதுங்கள். மழை பெய்தால் நாளைக்குப் போங்கள்.