பயிலரங்குக்கு ஆள் வராததற்குக் காரணம் நேரம்தான்

கடலூர் தேவனாம்பட்டினம் சுனாமி குடியிருப்பில் மூன்று மாதம் தங்கிச் சுவரோவியம் செய்கிறீர்கள், காலைப் பயிலரங்குக்குச் சின்னப் பிள்ளைகள் தவிர யாரும் வருவதில்லை, ஊரார் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு ஆர்வமில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். காலை பத்து மணிக்குப் பெண்கள் மீன் விற்கப் போயிருப்பார்கள். விடியுமுன் கடலுக்குப் போன ஆண்கள் கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பார்கள். பயிலரங்கை விட்டுவிட்டு, சாயங்காலம் வலை பழுது பார்க்கிற இடத்தில் போய் உட்காருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுக்காரர்கள் ஊரில்தான் இருப்பார்கள்.

ஊர்ப் பஞ்சாயத்தாரை நீங்களே நேரில் பாருங்கள், நிதி தருகிற அமைப்பின் ஆளை அனுப்பாதீர்கள். அங்கே பெரும்பாலும் ஆண்கள்தான் பேசுவார்கள். அதனால் எந்த வீட்டுச் சுவரோ, அந்த வீட்டு அக்காவிடம் தனியாகவும் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: அவர்களாகக் கேட்காமல் சுனாமி அலையை வரையாதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று பிள்ளையைப் பறிகொடுத்தவர் தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும். மாசிமகத்தன்று சாமிகள் தீர்த்தவாரிக்கு அந்தக் கடற்கரைக்கு வருவதைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள், கதை தானாக வரும்.

சுவரில் உப்புப் பூத்திருந்தால் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே பிரைமர் அடியுங்கள். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். மிச்சமாகும் பெயின்டை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள், உரிகிற இடத்தில் அவர்களே பூசிக்கொள்வார்கள்.