நாலு வயதுக் குழந்தைக்கு ஃப்ளூரைடு மவுத்வாஷ் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. மேல் முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைக் கோடு தெரிகிறது. எனாமல் பலவீனமாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஃப்ளூரைடு மவுத்வாஷ் வாங்கிவைத்திருக்கிறேன், தினமும் கொப்பளிக்க வைக்கலாமா? இரவில் புட்டியில் சர்க்கரை போட்ட பாலைக் குடித்தபடியேதான் தூங்குவாள். குடிப்பது போர் தண்ணீர். – ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: இப்போது வேண்டாம். 6 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் பலருக்கு மவுத்வாஷைச் சரியாகத் துப்பத் தெரியாது, ஒரு பகுதியை விழுங்கிவிடுவார்கள். கடைகளில் கிடைக்கும் 0.05 சதவீத சோடியம் ஃப்ளூரைடு கரைசலில் 10 மில்லியில் ஏறக்குறைய 2.3 மில்லிகிராம் ஃப்ளூரைடு இருக்கிறது. பட்டாணி அளவு பேஸ்டில் இருப்பதைப்போல இது ஒன்பது மடங்கு. ஒருநாள் விழுங்கினால் வயிற்றைப் புரட்டும், ஒரு டம்ளர் பால் கொடுத்தால் போதும். தினமும் விழுங்கினால்தான் சிக்கல். தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பற்களில் வெள்ளைத் திட்டுகள் விழும். உங்கள் தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு அதிகம் என்பதால் கூடுதல் கவனம் தேவை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதியுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாதீர்கள். கொதிக்கவைத்தால் ஃப்ளூரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஆர்.ஓ. வடிகட்டி குறைக்கும்.

ஆனால் நீங்கள் சொல்லும் வெள்ளைக் கோடு பெரும்பாலும் தண்ணீரால் வந்ததல்ல. தண்ணீரால் வருவது பல்லின் முகம் முழுக்க மெல்லிய வரிகளாகவோ மேகத் திட்டாகவோ, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். ஈறை ஒட்டி மட்டும் கோடாக இருந்தால் அது சொத்தையின் முதல் கட்டம். தூக்கத்தில் எச்சில் குறைவு. மேல் முன்பற்களைச் சுற்றிப் பால் தேங்கி, கிருமிகள் அந்தச் சர்க்கரையை அமிலமாக்கி, எனாமலிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் இழுத்துவிடுகின்றன. பால் பற்களின் எனாமல் நிரந்தரப் பல்லில் இருப்பதில் பாதித் தடிமன்தான், அதனால் சீக்கிரமே குழி விழும்.

மேல் உதட்டைத் தூக்கி, பஞ்சால் பல்லைத் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். காய்ந்தால் மட்டும் கோடு தெரிந்தால் பாதிப்பு மேலோட்டமானது. ஈரமாக இருக்கும்போதே தெரிந்தால் கொஞ்சம் ஆழம். ஊசியாலோ குச்சியாலோ சுரண்டாதீர்கள், மேல்படலம் உடைந்தால் அந்த இடம் திரும்ப இறுகாது.

இந்தக் கட்டத்தில் எனாமலை மீண்டும் இறுகச் செய்ய முடியும். அதற்குப் பல் மருத்துவர் பூசும் ஃப்ளூரைடு வார்னிஷ்தான் சரியான வழி. 5 சதவீத சோடியம் ஃப்ளூரைடு, எல்லாப் பால் பற்களுக்கும் சேர்த்து கால் மில்லி போதும். எச்சில் பட்டதும் பல்லோடு ஒட்டிக்கொள்வதால் விழுங்குவது மிகக் குறைவு, சில நிமிட வேலை. பூசிய பிறகு நாலு மணி நேரம் சூடான பானமும் கடினமான தீனியும் வேண்டாம், அன்றிரவு பல் துலக்கவும் வேண்டாம். மறுநாள்வரை பல் மஞ்சளாகத் தெரிவது வார்னிஷின் நிறம். இவளுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை பூசச் சொல்வார்கள். பைன் பிசின் ஒவ்வாமை, கடுமையான ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மங்கலான கோடு பளபளப்பாகிவிட்டால் இறுகிவிட்டது என்று அர்த்தம், வெள்ளை நிறம் அப்படியே தங்கினாலும் பயமில்லை.

புட்டியை நிறுத்தாமல் வார்னிஷ் மட்டும் பூசினால் பலன் நிற்காது. பாலைத் தம்ளரில், சர்க்கரையில்லாமல், தூங்கும் முன்பே கொடுத்து முடித்துப் பிறகு துலக்குங்கள். பேஸ்டில் 1000 பிபிஎம் ஃப்ளூரைடு என்று இருக்கிறதா பாருங்கள், குழந்தைகள் பேஸ்ட் சிலவற்றில் அது மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. பட்டாணி அளவு வைத்து நீங்களே துலக்கிவிடுங்கள். துப்பட்டும், தண்ணீரால் கொப்பளிக்க வேண்டாம்.

6 வயதுக்குப் பிறகு, மருத்துவர் சொன்னால் மவுத்வாஷ் தொடங்கலாம். அதற்கு முன் அளவுக் கோப்பையில் 10 மில்லி வெறும் தண்ணீர் கொடுத்துக் கொப்பளித்து அதே கோப்பையில் துப்பச் சொல்லுங்கள். அளவு குறைந்தால் இன்னும் தயாராகவில்லை. ஆல்கஹால் இல்லாததாக வாங்கி, துலக்கும் நேரத்தில் இல்லாமல் வேறு நேரத்தில், ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்பி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும்.

கோடு பழுப்பாக மாறினாலோ, குழி தெரிந்தாலோ, குளிர்ந்த தண்ணீர் பட்டால் அழுதாலோ வார்னிஷால் அந்தக் குழி மூடாது. அந்த வாரமே கூட்டிச் செல்லுங்கள். சில்வர் டயமைன் ஃப்ளூரைடு என்ற மருந்தைத் தடவிச் சொத்தையை அங்கேயே நிறுத்தலாம். ஆனால் சொத்தைப் பகுதி கறுத்துவிடும் என்பதால், முன்பல் விஷயத்தில் முதலிலேயே கேட்டு முடிவு செய்யுங்கள்.